பிறந்த வீட்டுப் பெயரைத் தேடி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமத்துப் பெண்ணின் வம்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

என் கணவர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்காரர். மகனுக்குப் பள்ளியில் வம்ச மரம் வரைந்துவரச் சொன்னார்கள். என் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது, ஊருக்கு ஒரு போன் போட்டேன், அவ்வளவுதான். மாமியாரிடம் கேட்டால், "என் கொள்ளுப்பாட்டி பெயர் மேரி, பண்ணையில் இருந்தார், அதற்கு மேல் தெரியாது" என்று கையை விரித்துவிட்டார். மேரி யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. அதில் 8 மாதம் தப்பான குடும்பத்தின் பின்னால் அலைந்தேன். மகன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு எப்போதோ சமர்ப்பித்துவிட்டான்.

நீங்களும் அமெரிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவராகவோ, நண்பருக்கு உதவுகிறவராகவோ இருக்கலாம். இதில் என்ன கஷ்டம் என்றால், கல்யாணமான நாளிலிருந்து பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடுகிறது. சொத்தும் வழக்கும் வரியும் கணவன் பெயரில்தான். கிராமத்துப் பெண் தானாகக் காகிதத்தில் ஏறுவது அபூர்வம். நிலம் விற்கும்போது, வீட்டில் ஓர் ஆண் சாகும்போது, பென்ஷன் கேட்கும்போது என்று அங்கங்கே தலைகாட்டுவாள். அதனால் அவளை நேராகத் தேடாதீர்கள். கணவன், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் என்று சுற்றியிருப்பவர்களைத் தேடுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகச் செய்கின்றன.

1. வீட்டில் இருப்பதை முதலில் அள்ளுங்கள்

கணினி முன் உட்காருவதற்கு முன்னால் வயதானவர்களிடம் போங்கள். பழைய கடிதம், படம், சாவு அறிவிப்பு வெட்டி வைத்த தாள், குடும்ப பைபிள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், பெயர் அங்கேதான் இருக்கும்.

பைபிள் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பிறப்பு, இறப்பு எழுதிய பக்கத்தை மட்டும் பார்க்காமல், முதல் பக்கத்தைத் திருப்பி அச்சான வருஷத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டு பைபிள் 1878-இல் அச்சானது. அதில் 1866 கல்யாணமும், அதற்குப் பிந்தைய பிறப்புகள் சிலவும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தன. அதாவது யாரோ ஒருநாள் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியது. அதற்குப் பிறகு வரும் பதிவுகளில்தான் மையும் கையும் மாறுகின்றன. அந்தப் பதிவுகளை நம்பலாம். முன்னால் இருப்பவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

2. கல்லறையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பிறப்பிலிருந்து தொடங்கினால் ஆயிரம் மேரி கிடைப்பாள். இறப்பிலிருந்து தொடங்கினால் ஒருத்திதான். ஃபைண்ட் எ கிரேவ் தளம் இலவசம், கல்லறைக் கற்களின் படங்கள் இருக்கும். படத்தைத்தான் நம்ப வேண்டும். படத்துக்குக் கீழே யாரோ தட்டிவிட்ட 'பெற்றோர்' விவரத்தை அல்ல.

அந்தக் காலத்துக் கற்களில் பல சமயம் பிறந்த தேதி இருக்காது. 'வயது 68 வருஷம் 5 மாதம் 20 நாள்' என்று செதுக்கியிருப்பார்கள். இறந்தது 1904 மார்ச் 14. முதலில் நாளைக் கழியுங்கள், பிப்ரவரி 23 வரும் (1904 லீப் வருஷம், மறந்தால் ஒருநாள் தப்பிப் போகும்). அப்புறம் 5 மாதம் கழித்தால் 1903 செப்டம்பர் 23. கடைசியில் 68 வருஷம். பிறந்தது 1835 செப்டம்பர் 23. எங்கள் மேரி இவர்தான்.

கல்லில் 'கான்சார்ட்' என்று இருந்தால் கணவன் உயிரோடிருக்கும்போது இறந்த மனைவி. 'ரெலிக்ட்' என்று இருந்தால் விதவையாக இறந்தவர். இந்த ஒரு சொல் கணவன் இறந்த வருஷத்தை முன்னேயோ பின்னேயோ தள்ளிவிடும். பக்கத்துக் கற்களையும் படம் எடுங்கள். கல்யாணமாகாத தங்கை, சின்ன வயதில் போன குழந்தை, சில சமயம் பெண்ணின் அப்பாவே பக்கத்தில் படுத்திருப்பார்.

செல்லப்பெயர்களின் பட்டியல் ஒன்றை மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேரி என்பவள் பாலி, மாலி ஆவாள். சாரா என்றால் சாலி. மார்த்தா என்றால் பேட்சி. மார்கரெட் என்றால் பெக்கி. ஆன் என்பவள் நான்சி. எலிசபெத்துக்கு பெட்சி, எலைசா, லிஸ்ஸி என்று கணக்கே இல்லை. எங்கள் மேரியின் கல்லில் இருந்தது 'பாலி'. அதனால்தான் முதல் இரண்டு வாரம் அந்தக் கல்லே கண்ணில் படவில்லை.

3. சென்சஸ்: ஒவ்வொரு பத்து வருஷத்தையும் வரிசையாக எடுங்கள்

அமெரிக்க சென்சஸ் 1790-இலிருந்து 10 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் அனைத்தையும் தேடலாம். ஆனால் எந்த வருஷத்தில் என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் போனால் குழம்பிவிடுவீர்கள்.

1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவியும் மகள்களும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். 1850-இல்தான் முதல்முறையாக, அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார்கள். ஆகவே 1830-களில் பிறந்த பெண் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், 1850-இல் அவள் கல்யாணமாகாமல் அப்பா வீட்டில், பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்க வாய்ப்பு உண்டு.

1850, 1860, 1870 மூன்றிலும் உறவுமுறை எழுதவில்லை. ஒரு வீட்டில் 40 வயது ஆண், 35 வயதுப் பெண், 14 வயதுப் பையன் என்று இருந்தால் அது அப்பா, அம்மா, பிள்ளைதான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இரண்டாம் மனைவியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், பையன் முதல் கணவனின் பிள்ளையாக இருக்கலாம். 1880-இல்தான் உறவுமுறையும், பெற்றோர் எந்த மாநிலத்தில் பிறந்தவர்கள் என்பதும் வருகிறது.

1890 சென்சஸ் பெரும்பாலும் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அரசுக் கட்டடத்தில் தீப்பிடித்து நாசமாகிவிட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே 20 வருஷம் ஒரு பள்ளம். உங்கள் குடும்பம் கான்சஸ், அயோவா, மினசோட்டா பக்கம் என்றால் 1885-லும் 1895-லும் மாநில சென்சஸ் நடந்தது, அதைப் பிடிக்கலாம். ஓஹையோவுக்கு அப்படி இல்லை.

1900 சென்சஸ்தான் பெண்களைத் தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம். பிறந்த மாதமும் வருஷமும், கல்யாணமாகி எத்தனை வருஷம், பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். எங்கள் மேரியின் வரி இப்படி இருந்தது: செப்டம்பர் 1835, வயது 64, கல்யாணமாகி 34 வருஷம், பெற்றது 7, இருப்பது 4.

இந்த ஒரு வரியிலேயே விடை இருந்தது. எனக்குத்தான் கண் தெரியவில்லை. 34 வருஷம் என்றால் கல்யாணம் 1866, அப்போது அவருக்கு வயது 30. பண்ணை வீட்டுப் பெண்ணுக்கு 30 வயதில் முதல் கல்யாணமா? எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் 5 பேர்தான், காகிதம் 7 என்கிறது. மீதி இரண்டு யாருடையவை? இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருந்தால் 8 மாதம் மிச்சம்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தோடு நிறுத்தாமல் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் படியுங்கள். கணக்கெடுத்தவர் வீடு வீடாக நடந்து எழுதியது அது. பெண்ணின் அண்ணன் பண்ணை அடுத்த வரியில் இருப்பது சர்வசாதாரணம். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், பழைய கையெழுத்தில் இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் பார்வைக்கு எஃப் போலவே இருக்கும். ராஸ் என்ற பெயர் பட்டியலில் 'ராஃப்ஸ்' என்று ஏறியிருக்கும்.

4. கவுண்டி எல்லையைச் சரிபாருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் செய்யாவிட்டால் மாதக்கணக்கில் வீணாகும். ஆவணங்கள் எல்லாம் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகத்தான் இருக்கின்றன, கவுண்டி எல்லைகளோ மாறிக்கொண்டே இருந்தன. ஓஹையோவில் 88 கவுண்டிகள். அதில் கடைசியாக உருவான நோபிள் கவுண்டி 1851-இல்தான் வந்தது. 1840-இல் அங்கே பிறந்த பெண்ணின் குடும்பத்தை கெர்ன்சி, மன்றோ, மார்கன், வாஷிங்டன் என்ற நான்கு தாய்க் கவுண்டிகளில் தேட வேண்டும். குடும்பம் வீடு மாறியிருக்காது, கோடு மாறியிருக்கும். நியூபெரி நூலகத்தின் பழைய கவுண்டி எல்லை வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தேதி வாரியாகப் பார்க்கலாம்.

5. பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்கள், எல்லாப் பிள்ளைகளுடையதும்

அவள் பிறந்ததற்குச் சான்றிதழ் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு பெரும்பாலான இடங்களில் 1900-க்குப் பிறகுதான் தொடங்கியது. மாசசூசெட்ஸ் 1841-லேயே தொடங்கியது விதிவிலக்கு. பென்சில்வேனியா 1906, மிசூரி 1910, ஜார்ஜியா 1919. ஓஹையோவில் 1867 முதல் கவுண்டிப் பதிவேடு உண்டு, மாநிலச் சான்றிதழ் 1908 டிசம்பர் 20-இலிருந்து.

ஆனால் அவள் பிள்ளைகள் 1910-லோ 1930-லோ இறந்திருப்பார்கள். அந்தச் சான்றிதழில் 'தாயின் பிறந்த வீட்டுப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஓஹையோவின் 1908 முதல் 1953 வரையிலான இறப்புகள் ஃபேமிலிசர்ச்சில் படத்தோடு இலவசம். மிசூரியில் 50 வருஷத்துக்கு மேற்பட்டவற்றை மாநில அரசே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. 1936-க்குப் பிறகும் வேலை பார்த்த பிள்ளை இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு அவர் போட்ட விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்கலாம். அதில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை அந்தப் பிள்ளையே எழுதியிருப்பார் என்பதால் மதிப்பு அதிகம்.

இறப்புச் சான்றிதழில் விவரம் சொன்னவர் யார் என்ற கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். இறந்தவர் பேசமாட்டார், வேறு யாரோதான் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு இரண்டு சான்றிதழ் கிடைத்தது. மகன் இறந்தபோது பேரன் சொன்ன பெயர் ஒன்று. மகள் இறந்தபோது அவள் கணவர் சொன்ன பெயர் வேறொன்று. இரண்டும் சம்பந்தமே இல்லாத பெயர்கள். எது சரி?

6. கல்யாணப் பதிவும், நான் விழுந்த குழியும்

கல்யாணப் பதிவு கவுண்டி கோர்ட்ஹவுஸில் இருக்கும். ஓஹையோவில் 1852-இலிருந்து புரோபேட் கோர்ட் (உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றம்) பொறுப்பு. எல்லா மாநிலத்திலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் கல்யாண லைசென்ஸ் தொடங்கியதே 1885 அக்டோபரில். தென் கரோலினாவில் 1911. அங்கெல்லாம் சர்ச் பதிவேடும் செய்தித்தாளும்தான் கதி. சில தெற்கு மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதுவார்கள். பிணை நின்றவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண் வயது குறைந்தவள் என்றால் அப்பாவின் சம்மதச் சீட்டும் கூடவே இருக்கலாம்.

எங்கள் 1866 பதிவு கிடைத்தது. மேரி, ஒரு குடும்பப் பெயர். அதே பெயரைத்தான் பேரனும் சொல்லியிருந்தார். இரண்டு காகிதம் ஒத்துப்போகிறதே, மகள் வீட்டுக்காரர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அவர் சொன்ன பெயரைத் தூக்கிப் போட்டேன். 1850 சென்சஸைத் திறந்தால் அதே டவுன்ஷிப்பில் (கவுண்டிக்குள் இருக்கும் சின்னப் பிரிவு) அதே குடும்பப் பெயரில் 15 வயது மேரி! குதித்துவிட்டேன். அந்தக் குடும்பத்தை வர்ஜீனியா வரை பின்னோக்கித் தொடர்ந்து, அச்செடுத்து, மாமியாருக்கு சட்டம் போட்டே கொடுத்துவிட்டேன்.

எட்டாவது மாதம், அந்த மேரியின் கல்லறைக் கல் கிடைத்தது. 1858-இல் கல்யாணமாகாமல் இறந்திருக்கிறாள். 1858-இல் செத்தவள் 1866-இல் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டாள்?

விஷயம் இதுதான். கல்யாணப் பதிவில் பெண்ணுக்கு இருக்கும் குடும்பப் பெயர் பிறந்த வீட்டுப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மறுமணம் என்றால் முதல் கணவனின் பெயர் இருக்கும். எழுத்தர் 'மிஸஸ்' என்று போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. எங்கள் எழுத்தர் போடவில்லை. செத்துப்போன அந்த மேரி முதல் கணவனின் தங்கை. பேரன் சொன்ன பெயரும் குடும்பத்தில் இருந்த அந்தக் கல்யாணச் சீட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆக இரண்டு சாட்சி என்று நான் நினைத்தது ஒரே சாட்சியின் இரண்டு நகல்.

ஆகவே 25 வயதுக்கு மேல் கல்யாணம் என்று தெரிந்தால், அந்தப் பெயரில் கல்யாணமான பெண் ஒருத்தி அதற்கு முந்தைய சென்சஸில் இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். நான் 1860-ஐ அப்படித் தேடியபோது அரை மணி நேரத்தில் கிடைத்தாள்: மேரி, வயது 24, பக்கத்தில் ஓர் இளைஞன், இரண்டு சின்னக் குழந்தைகள். ஏழு பிள்ளைகள் கணக்கு சரியாகிவிட்டது.

7. பென்ஷன் கோப்பு: கைக்காசு செலவழிக்க வேண்டிய முக்கியமான இடம்

1860-இல் இளம் கணவன், 1866-இல் மறுமணம் என்றால் நடுவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் இருக்கிறது. வடக்குப் படையில் இறந்த சிப்பாயின் விதவைக்கு 1862 சட்டப்படி மாதம் 8 டாலர் பென்ஷன் உண்டு. அதை வாங்க அவள் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும், குழந்தைகளின் பிறந்த தேதியை நிரூபிக்க வேண்டும். பதிவேடு இல்லாத காலத்தில் எப்படி நிரூபிப்பாள்? கல்யாணம் நடத்திவைத்த பாதிரியார், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, பக்கத்துப் பண்ணைக்காரர் என்று ஆள் ஆளாக வந்து சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். சிலர் பைபிள் பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கை இவ்வளவு விவரமாக வேறு எந்தக் காகிதத்திலும் இருக்காது.

மறுமணம் செய்தால் அவள் பென்ஷன் நின்றுவிடும். ஆனால் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது மாறும், கார்டியன் (பாதுகாவலர்) ஒருவர் பெயரில் வாங்குவார்கள். அதற்கு இரண்டு கல்யாணத்தையும் காகிதத்தில் காட்ட வேண்டும். நமக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

செய்முறை: முதலில் ஃபேமிலிசர்ச்சில் பென்ஷன் அட்டவணையைச் சிப்பாயின் பெயரில் தேடுங்கள். மனைவி பெயரில் அல்ல. அட்டையில் சிப்பாய், விதவை, மைனர் என்று தனித்தனி வரி இருக்கும். விண்ணப்ப எண், சான்றிதழ் எண் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். விதவைகளின் கோப்புகளில் ஒரு பகுதி ஃபோல்ட்3 தளத்தில் ஏறியிருக்கிறது, பல பொது நூலகங்களில் அதை இலவசமாகத் திறக்கலாம். அங்கே இல்லாவிட்டால்தான் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆர்டர் செய்யுங்கள். முழுக் கோப்புக்கு நான் கட்டியது 80 டாலர், 100 பக்கம் வரை அந்த விலை. தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் மட்டும் தரும் மலிவான வகையும் உண்டு, அதை வாங்காதீர்கள். நமக்கு வேண்டிய மருத்துவச்சி வாக்குமூலம் அதில் விட்டுப்போகலாம். எனக்கு வந்துசேர மூன்று மாதம் ஆனது. வாஷிங்டன் பக்கம் யாராவது இருந்தால் நேரில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை.

தெற்குப் படைச் சிப்பாய் என்றால் இந்தக் காப்பகத்தில் பென்ஷன் கோப்பு கிடைக்காது. அவர்களுக்குப் பென்ஷன் கொடுத்தது அந்தந்தத் தெற்கு மாநிலம், மாநில ஆவணக்காப்பகத்தில் கேளுங்கள்.

எங்கள் கோப்பில் 1855 கல்யாணத்தின் நகல் இருந்தது. அதில் மேரியின் பிறந்த வீட்டுப் பெயர், நான் தூக்கிப் போட்ட, மகள் வீட்டுக்காரர் சொன்ன அதே பெயர். பாவம், மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

8. பத்திரம், உயில், பாகப்பிரிவினை

கவுண்டியில் நிலப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணை இருக்கும், விற்றவர் பெயரில் ஒன்று, வாங்கியவர் பெயரில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். அட்டவணையில் கணவன் பெயருக்குப் பின்னால் 'எட் அக்ஸ்' என்று இருந்தால் 'மனைவியுடன்' என்று அர்த்தம். அவள் பெயர் உள்ளே, பத்திரத்தில் இருக்கும்.

ஏன் மனைவி பெயர் வருகிறது என்றால், கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. அவள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாமல் வாங்குகிறவன் வாங்கமாட்டான். அதனால் அதிகாரி அவளைத் தனியே கூப்பிட்டு, கணவன் காதில் விழாத இடத்தில், சம்மதம்தானா என்று கேட்டு, அதையும் பத்திரத்தில் எழுதுவார். 1871 பத்திரம் ஒன்றில் எங்கள் மேரி கைநாட்டு வைத்திருக்கிறார். எழுத்தர் பெயரை எழுதி, நடுவில் ஒரு பெருக்கல் குறி, குறிக்கு மேலே 'ஹெர்', கீழே 'மார்க்'. நம் கையில் இருப்பது பதிவேட்டுப் பிரதி என்பதால் அந்தக் குறியும் எழுத்தர் கைதான். ஆனாலும் அவருக்கு எழுதத் தெரியாது என்பது அதிலிருந்து தெரிந்தது.

'ஒரு டாலருக்கும் அன்புக்கும் பாசத்துக்கும்' என்று நிலம் கைமாறியிருந்தால் நில்லுங்கள். அது பெரும்பாலும் அப்பா மகளுக்கோ மருமகனுக்கோ கொடுத்தது.

உயில் பார்க்கும்போது கணவனின் உயிலைவிடப் பெண்ணின் அப்பாவின் உயில் முக்கியம். 'என் மகள் மேரி, இன்னாரின் மனைவி' என்று ஒரு வரி இருந்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு 1872-இல் அப்படி ஒரு வரி கிடைத்தது. உயில் எழுதாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது, பாகப்பிரிவினை வழக்கில் எல்லா வாரிசுகளையும், மகள்களின் கணவன்மார் பெயரோடு வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒரு குழப்பம் வரும்: அந்தக் காலத்து ஆவணத்தில் 'அநாதை' என்றால் அப்பா இல்லாத பிள்ளை. அம்மா உயிரோடு இருக்கலாம். 'அநாதைகளுக்குக் கார்டியன் நியமனம்' என்று படித்துவிட்டு அம்மாவைச் சாகடித்துவிடாதீர்கள்.

இவற்றை எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே தேடலாம். ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்துப் பிரதிகளையே கணினி படித்துத் தேடித்தரும் வசதி வந்திருக்கிறது. கணவன் பெயரையும் 'மேரி ஹிஸ் வைஃப்' என்ற தொடரையும் சேர்த்துப் போட்டால் பத்திரங்கள் வரிசையாக வந்து விழும். சில படங்களுக்கு மேல் சாவிக் குறி இருக்கும், அவற்றை அந்த அமைப்பின் மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ போய்த்தான் பார்க்க முடியும்.

கோர்ட்ஹவுஸுக்குக் கடிதம் எழுதினால் ஒரே கடிதத்தில் ஒரே ஆவணம் கேளுங்கள்: பெயர், வருஷம், புத்தக எண், பக்க எண். நான் முதல்முறை 'இந்தக் குடும்பம் பற்றிய எல்லாப் பதிவுகளும்' என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்து, ஆராய்ச்சி செய்து தருவதில்லை என்று ஒரு வரிப் பதிலோடு செக் திரும்பி வந்தது. அந்த வேலைக்கு ஓஹையோ ஜீனியலாஜிக்கல் சொசைட்டியின் கவுண்டிக் கிளைகள்தான் சரி. ஓய்வுபெற்ற பெரியவர்கள், உள்ளூர்க் கல்லறை ஒவ்வொன்றும் அத்துப்படி.

9. செய்தித்தாளும் சர்ச்சும்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம், குரோனிக்கிளிங் அமெரிக்கா, இலவசம். அவள் பெயரில் தேடினால் எதுவும் வராது. 'மிஸஸ்' போட்டுக் கணவனின் முழுப்பெயரைப் போடுங்கள். உள்ளூர்ச் செய்திப் பத்தியில் 'இன்னாரின் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பினார்' என்று ஒரு வரி இருக்கும், அண்ணன் பெயரோடு. சர்ச்சில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்றால் நமக்குக் கொண்டாட்டம், பெண்களுக்கென்றே தனிக் கூட்டமும் தனிக் குறிப்பேடும் வைத்திருந்தார்கள். ஜெர்மன் லூத்தரன் ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோர் பலரும் உறவினர்கள்தான். பாப்டிஸ்ட் என்றால் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது, தேடாதீர்கள்.

10. எல்லாப் பெண்களுக்கும் இந்த வழி பொருந்தாது

அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண் என்றால், 1870-க்கு முந்தைய சென்சஸில் பெயர் இருக்காது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும். 1870-இல் அவள் எங்கே இருந்தாள், அக்கம்பக்கத்தில் எந்த வெள்ளையர் குடும்பங்கள் இருந்தன என்று பாருங்கள். விடுதலையான அடிமைகளுக்காக ஏற்பட்ட ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற அரசு அலுவலகத்தின் பதிவுகளும், ஃப்ரீட்மன்ஸ் பேங்க் கணக்குப் பதிவேடுகளும் ஃபேமிலிசர்ச்சில் இலவசம். பேங்க் பதிவேட்டில் பெற்றோர், கூடப்பிறந்தவர் பெயரெல்லாம் சில சமயம் இருக்கும். உடைமையாளர் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து எழுதுவது உண்டு, தாயின் நிலைதான் பிள்ளைக்கும் என்பது அன்றைய சட்டம். படிக்கக் கல் நெஞ்சம் வேண்டும், ஆனால் பெயர் அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த பெண் என்றால், 1855 சட்டப்படி கணவன் குடிமகனானால் மனைவியும் தானாகக் குடிமகள். 1922 வரை அவளுக்குத் தனிக் காகிதம் பெரும்பாலும் இருக்காது, கணவனுடையதைத் தேடுங்கள். நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டா பக்கம் குடியேறியவள் என்றால் குடியேறிகளுக்கு அரசு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் விதவைகளும் தனிப்பெண்களும் சொந்தப் பெயரில் 160 ஏக்கர் வரை கேட்க முடிந்தது. நில நிர்வாகத் துறையின் தளத்தில் பட்டா இலவசம். அதன் பின்னாலுள்ள கோப்புக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

11. டி.என்.ஏ., கடைசியில்தான்

காகிதம் ஒரு பெயரைச் சொன்னபிறகு சரிபார்க்க உதவும், காகிதம் இல்லாமல் தனியே உதவாது. குடும்பத்தில் மிக வயதானவரைப் பரிசோதியுங்கள். நான் என் மகனைச் சோதிக்காமல் மாமியாரைச் சோதித்தேன். மேரியின் பங்கு அவரிடம் ஏறக்குறைய 12.5 சதவீதம், மகனிடம் அதில் நாலில் ஒன்று. மேரியின் கூடப்பிறந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் மூன்று பேர், மாமியாரின் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகிறவர்கள் பட்டியலில் வந்தார்கள். தள்ளுபடி நாளில் வாங்கினால் பாதி விலை.

12. மொத்தம் எவ்வளவு, எவ்வளவு நாள்

எனக்கு ஆனது: பென்ஷன் கோப்பு 80 டாலர், டி.என்.ஏ. 59, நகல்களும் தபாலும் 22. மொத்தம் 161. இதில் சேர்க்காதது ஒன்று, ஒரு தளத்தில் இலவச 14 நாளுக்குக் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு ரத்து செய்ய மறந்ததால் போன பணம். காலண்டரில் 12-ஆம் நாளில் குறித்துவையுங்கள். கட்டணத் தளம் தேவைப்பட்டால் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் முதலில் கேளுங்கள், ஆன்செஸ்ட்ரி என்ற வம்சத் தேடல் தளத்தின் நூலகப் பதிப்பு பல நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து பார்க்க இலவசம்.

படி 1 முதல் 5 வரை இரண்டு வார இறுதிகளில் முடிக்கலாம். பென்ஷன் அட்டவணையில் பெயர் கிடைத்த அன்றே ஆர்டர் போட்டுவிடுங்கள், அது வரும் மாதங்களில் பத்திரங்களைப் பார்க்கலாம். மாமியார் வீட்டுச் சுவரில் அந்தத் தப்பான வம்ச மரம் சட்டத்தோடு இன்னும் தொங்குகிறது. கழற்றச் சொன்னால், "அவர்களும் யாரோ ஒருவருடைய பாட்டிகள்தானே, இருக்கட்டும்" என்கிறார்.